மாறிய எண்ணும் மாறாத வடிவமும்

கட்டுகஸ்தோட்டையில் தொடங்கிக் குருநாகல் வழியே புத்தளம் வரை ஓடும் ஏ10 வீதியில், மலைநாட்டுக் குளிர் சற்றே தளர்ந்து, தேயிலையின் ஆட்சி ஒடுங்கி, தென்னையும் இறப்பரும் கமுகும் பலாவும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கத் தொடங்கும் இடத்தில் அமைந்திருக்கிறது கலகெதர. சிங்களத்தில் ‘கல’ என்றால் கல். ‘கெதர’ என்றால் வீடு. கண்டி இராச்சியம் தனித்து நின்ற நாட்களில் மேற்கேயிருந்து மலைக்குள் ஏற முயன்றோர் கடக்கவேண்டியிருந்த கணவாய்களுள் இதுவும் ஒன்று. இன்று அவ்வழியே படைகள் வருவதில்லை. பஸ்களும், மிளகு மூட்டை ஏற்றிய சிறு லொறிகளும் வருகின்றன. இங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடி தழுவி ஏறாத கிளிரிசீடியா மரத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கணினி வரைவைப் பற்றிய இந்த அத்தியாயமும் மிளகில்தான் தொடங்குகிறது.

நகருக்குச் சற்று அப்பால் வெல்டிங் பட்டறை நடத்தும் ஒரு நானா, பச்சை மிளகைக் காம்பிலிருந்து உதிர்க்கும் மெஷின் ஒன்றைத் தம் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். சுழலும் உருளைக்கு அடியில், உதிர்ந்த மணிகள் விழுவதற்காகத் துளையிட்ட உருக்குத் தகடு ஒன்று வேண்டியிருந்தது. தகட்டை வரைந்து கொடுக்கும் பணி என்னிடம் வந்தது. 600 மில்லிமீற்றர் நீளம், 400 மில்லிமீற்றர் அகலம், 2 மில்லிமீற்றர் தடிப்பு. 10 மில்லிமீற்றருக்கு ஒன்றாக நீளவாக்கில் 58, அகலவாக்கில் 38, ஆக 2,204 துளைகள். துளையின் விட்டம் 6 மில்லிமீற்றர் என்று முதலில் வைத்திருந்தேன். நானா தம் தோட்டத்து மிளகில் ஒரு கைப்பிடி அள்ளிவந்து மேசையில் பரப்பி, “பெரிய மணி சிக்கும் சேர், ஏழு போடுங்க” என்றார். அவர் சொன்னது நியாயம். அளவுகளை எழுதிவைத்திருந்த அட்டவணையில் 6 என்பதை அழித்து 7 என்று இட்டேன். வெட்டும் இயந்திரத்துக்குரிய டி.எக்ஸ்.எஃப். கோப்பாக ஏற்றுமதி செய்தேன். கண்டியில் லேசரால் உருக்கு வெட்டித் தருவோரிடம் அதனை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் தகடு வந்தது. நானா வேர்னியரை எடுத்து ஒரு துளைக்குள் நுழைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் மறு ஓரத்துத் துளை ஒன்றில் நுழைத்தார். பிறகு நடுவில் ஒன்று. “ஆறுதான் சேர் காட்டுது.”

வெட்டியவர்கள் பிழை விட்டிருப்பார்களோ என்று கேட்டேன். கேட்கும்போதே அதில் எனக்கு முழு நம்பிக்கை இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டி.எக்ஸ்.எஃப். என்பது ஓட்டோகெட் மென்பொருளோடு 1982ஆம் ஆண்டில் பிறந்த கோப்பு வகை. சாதாரண எழுத்துக்களாலேயே எழுதப்படுவதாகையால், ஒரு கடிதத்தைத் திறப்பதுபோல அதனைத் திறந்து எவரும் படிக்கலாம். வட்டம் ஒவ்வொன்றும் ‘சர்க்கிள்’ என்ற சொல்லோடு தொடங்கும். அதன் கீழே 10, 20 என்ற குறியெண்களின் அடியில் மையப்புள்ளியின் இருப்பிடமும், 40 என்ற குறியெண்ணின் அடியில் ஆரமும் இருக்கும். 40க்கு அடியில் 3.5 என்று இருந்திருக்க வேண்டும். 3.0 என்று இருந்தது. பக்கம் பக்கமாகக் கீழே இறங்கிப் பார்த்தேன். 2,204 இடங்களிலும் 3.0. ஆனால் அட்டவணையிலோ, நான் என் கையால் இட்ட 7 பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது.

“பைலில என்ன இருந்திச்சோ அதத்தான் மெஷின் வெட்டிச்சி” என்றார் நானா. இதைவிடச் சுருக்கமாக இந்த அத்தியாயத்தின் விஷயத்தை என்னால் சொல்ல இயலாது. எனினும் 6 எங்கிருந்து வந்தது என்பதை விளக்கத்தான் வேண்டும்.

தொழிற்கூடங்களில் ‘கெட்’ என்று வழங்கும் கணினி வரைவைப் பற்றிப் பலர் கொண்டிருக்கும் அபிப்பிராயம், அது காகிதத்துக்குப் பதிலாகத் திரையில் கோடு இழுக்கும் வித்தை என்பதே. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது. இன்றைய மாதிரியோ ஓவியத்தைவிடச் சமையற் குறிப்புக்கு நெருங்கிய உறவினன். இவ்வளவு நீள அகலமுள்ள தகட்டை எடு. ஒரு மூலையில் இவ்வளவு விட்டத்தில் துளையிடு. அத்துளையை இத்தனை முறை, இவ்வளவு இடைவெளியில் பெருக்கு. விளிம்புகளை மழுக்கு என்று படிப்படியாகச் செல்லும் செய்முறையைக் கணினி ஞாபகத்தில் வைத்திருக்கிறது. அந்தச் செய்முறையை ஒருமுறை நடத்திப் பெற்ற வடிவத்தைத்தான் நாம் திரையில் காண்கிறோம். குறிப்பும் அதன் பலனும் இருவேறு பொருள்கள். குறிப்பேட்டில் சீனியின் அளவைத் திருத்தியதால், அடுப்பிலிருந்து ஏற்கெனவே இறக்கிவைத்த பாயாசம் இனித்துவிடாது.

ஓர் அளவு மாறினால் மற்றவை எவ்வளவு தூரம் அசையும் என்பதற்குக் கண்டிப் பக்கத்திலேயே பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1833ஆம் ஆண்டளவில் பேராதனையில் மகாவலியின் குறுக்கே, பிரித்தானியப் பொறியியலாளர் ஜோன் ஃபிரேசரின் வரைவுப்படி, முதிரை மரத்தால் ஒற்றை வளைவாக ஒரு பாலம் அமைக்கப்பட்டது. 205 அடி அகலத்தைத் தாவிநின்ற அப்பாலத்தின் துண்டுகள் ஆணியின் துணையின்றி ஒன்றையொன்று கவ்வி நின்றன. 1905இல் அது அகற்றப்படும் வரை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வண்டிகள் அதன்மீது ஓடின. அந்த 205 என்ற எண் 206 ஆக மாறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வளைவின் வளைவுமானம் மாறும். அதனால் ஒவ்வொரு மரத்துண்டின் நீளமும், துண்டோடு துண்டு சேரும் கோணமும், அக்கோணத்துக்கேற்பச் செதுக்கிய பொருத்தும் மாறும். ஃபிரேசரின் காலத்தில் இத்தகைய மாற்றத்தை வரைபடம் முழுவதிலும் கொண்டுசெலுத்தும் பிரயாசை முழுவதும் மனிதனுடையது. ஒரு தாளைத் திருத்தி இன்னொரு தாளைத் திருத்த மறந்தால், ஆற்றங்கரையில் தச்சன் கையில்தான் அது தெரியவரும். பிற்கால வரைபடங்களின் மூலையில் திருத்த எண்ணும் தேதியும் எழுதும் சிறு கட்டம் ஒன்று இடம்பெற்றதும், பழைய நீலப்பிரதிகளைப் பட்டறைச் சுவரிலிருந்து கிழித்தெறிவதற்கென்றே ஓர் ஆள் சுற்றிவந்ததும் இந்தப் பயத்தினால்தான்.

அப்பிரயாசையை யந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்று முதலில் செய்துகாட்டியவர் ஐவன் சதர்லண்ட். 1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தமது கலாநிதிப் பட்டத்துக்காக அவர் எழுதிய ‘ஸ்கெச்பேட்’ என்னும் நிரல், ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த கோடுகளுக்கிடையே “இவை இரண்டும் சமாந்தரமாக இருக்கவேண்டும்”, “இவை சம நீளமுடையவையாக இருக்கவேண்டும்” என்ற நியதிகளை ஏற்றுக்கொண்டது. மூல உருவொன்றைத் திருத்தினால் அதன் பிரதிகள் யாவும் தாமாகத் திருந்தின. இந்தச் சிந்தனை தொழிற்சாலைகளுக்குள் பரவலாக நுழைய மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கணிதவியலாளர் சாமுவேல் கைஸ்பெர்க் 1985இல் தொடங்கிய நிறுவனம் வெளியிட்ட ‘ப்ரோ எஞ்சினியர்’ தான், முப்பரிமாண மாதிரியை எண்களாலும் உறவுகளாலும் ஆளும் முறையைத் தொழிலுலகில் நிலைநாட்டியது. அதன் பின்னர் வந்த சொலிட்வேர்க்ஸ் முதல், எவரும் இலவசமாகப் பெறக்கூடிய ஃப்ரீகெட் வரை யாவும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவையே.

பரம்பரை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் ஆண்டேன். மாதிரிக்குள் இருக்கும் ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்தியவற்றின் பிள்ளை. துளை தகட்டின் பிள்ளை. துளைகளின் வரிசை அத்துளையின் பிள்ளை. மழுக்கிய விளிம்பு அவ்வரிசையின் பிள்ளை. இந்த வமிசாவளியில் எவரும் தமக்கே பாட்டனாக முடியாது. சுற்றிவந்து தன்னையே தொடும் உறவைக் கணினி ஏற்க மறுத்துவிடும். இனி, மூதாதை ஒருவரிடம் மாற்றம் நேர்ந்தால் என்ன ஆகும்? நம் வீடுகளில் ஒரு பிறப்போ இறப்போ நிகழ்ந்தால், இரத்த உறவினர் எங்கிருந்தாலும் அவர்களுக்குத் துடக்கு என்பார்கள். அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தார்களா, செய்தியைக் கேட்டார்களா என்பதெல்லாம் பொருட்டன்று, உறவே போதும். மாதிரியிலும் அவ்வாறே. 6 என்பது 7 ஆன கணத்தில் துளைக்கும், அதன் வழித்தோன்றல்கள் அனைத்துக்கும் துடக்கு வந்துவிடுகிறது; கணினி ஒவ்வொன்றின்மீதும் ஒரு சிறு குறியை இட்டுவைக்கிறது. ஃப்ரீகெட்டில் இந்நிலையைக் குறிக்க வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்கே ‘தொடப்பட்டது’ என்பதுதான் பொருள். மறுகணிப்பு என்பது அந்தத் துடக்கைக் கழிக்கும் சடங்கு. அது தந்தையிலிருந்து பிள்ளைக்கு என்ற வரிசையில்தான் நடைபெறும். குறி இல்லாத உறுப்பைத் தொடாமல் விட்டுச்செல்லும். சடங்கு முடியும்வரை, ஒவ்வோர் உறுப்பும் தன் பழைய வடிவத்தையே கையில் வைத்திருக்கும்.

மாறிய உடனே கணித்துவிட்டால் என்ன என்று வாசகர் கேட்கலாம். பல மென்பொருள்கள் அப்படித்தான் செய்கின்றன. சிறிய மாதிரிகளில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தும் விடுகிறது. ஆனால் ஒரு திண்மத்திலிருந்து 2,204 உருளைகளைக் கழிப்பதென்றால், ஒவ்வோர் உருளையும் தகட்டின் மேற்பரப்பை எந்த வளைகோட்டில் சந்திக்கிறது என்று கண்டு, அந்த முகத்தைத் துண்டித்து, புதிய விளிம்புகளை மீண்டும் தைத்து முடிக்கவேண்டும். என்னுடைய பழைய கணினி அதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. ஒரு நாளில் இருபது முறை அளவைத் திருத்துபவன் இருபது முறையும் காத்திருக்க மாட்டான். தானாகக் கணிக்கும் வசதியை நிறுத்திவைப்பான். நானும் நிறுத்திவைத்திருந்தேன். நிறுத்தியது நினைவிலிருந்தால் அது குற்றமன்று.

இந்த மறதி வரைவுத் தொழிலுக்கே உரியதுமன்று. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவ் ஜோன்சன் என்பவர், சரியாகத் திருத்தப்பட்ட நிரல் ஒன்றில் இல்லாத பிழையை ஒரு காலைப்பொழுது முழுவதும் தேடி அலைந்தார். மூலத்தைத் திருத்தியிருந்தாரே தவிர, அதிலிருந்து இயங்கும் நிரலைப் புதிதாகத் தொகுத்திருக்கவில்லை. அவருடைய புலம்பலைக் கேட்ட ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன், தாமும் அதே துன்பத்தை அனுபவித்திருந்தவராகையால், அந்த வார இறுதியிலேயே ‘மேக்’ என்னும் கருவியை எழுதத் தொடங்கினார். மூலக் கோப்பின் நேரத்தையும் பலன் கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, மூலம் பிந்தியதாக இருந்தால் மாத்திரம் மீண்டும் தொகுக்கும் அந்த எளிய உபாயத்துக்கு 2003ஆம் ஆண்டில் பெரிய விருதொன்றும் கிடைத்தது. எக்செல் கணக்குத்தாளில் தானியங்கிக் கணிப்பை நிறுத்திவைத்தவர்கள், கீழ் ஓரத்தில் ‘கணக்கிடு’ என்ற பொருள்படும் ஒற்றைச் சொல் தோன்றுவதைக் கண்டிருப்பார்கள். அதுவும் இதே எச்சரிக்கைதான்.

ஆனால் ஃபெல்ட்மனின் உபாயம் என் தகட்டைக் காப்பாற்றியிருக்காது. வெட்டக் கொடுத்த கோப்பின் நேரத்தைப் பார்த்தால், அது அட்டவணையைத் திருத்திய நேரத்துக்குப் பிந்தியது! கோப்பு எப்போது எழுதப்பட்டது என்பதற்குத்தான் அந்த நேரம் சாட்சி. அதனுள் எழுதப்பட்ட வடிவம் எப்போது கணிக்கப்பட்டது என்பதற்குச் சாட்சியே இல்லை. புதிய உறையில் பழைய கடிதம். அதைவிடப் பெரிய விபரீதம், ஏற்றுமதியான கோப்பு தன் வமிசாவளியை முற்றாக மறந்துவிடுவது. என் மாதிரியில் ‘துளை விட்டம்’ என்ற பெயரில் ஓர் எண் இருந்ததோ, அது அட்டவணை ஒன்றிலிருந்து வந்ததோ டி.எக்ஸ்.எஃப். கோப்புக்குத் தெரியாது. முப்பரிமாண அச்சுக்குப் பயன்படும் எஸ்.டி.எல். கோப்பு இன்னும் ஏழை: முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட் வீதம் வெறும் முக்கோணங்களின் குவியல், அந்த எண்கள் மில்லிமீற்றரா அங்குலமா என்பதைக்கூட அது சொல்வதில்லை. கோப்பு வாசலைத் தாண்டிய பிறகு, அது பழையது என்று கண்டுபிடிக்க அளந்து பார்ப்பது ஒன்றே வழி. ஆகவே சோதனை வாசலிலேயே நடக்கவேண்டும். மிளகை ஏற்றுமதி செய்யும் நாட்டில் பிறந்த எனக்கு, கோப்புக்கும் ‘ஏற்றுமதி’ என்ற அதே சொல்லை ஆள்வது மிகப் பொருத்தமாகவே படுகிறது. கப்பலேறும் முன்னர் மூட்டையைப் பிரித்துப் பார்க்காத வியாபாரி எவருமில்லை.

மென்பொருள்கள் எச்சரிக்காமல் இருப்பதில்லை. சொலிட்வேர்க்ஸ் வீதிச் சமிக்ஞை விளக்கைப் போன்ற ஒரு சிறு சின்னத்தைக் காட்டும். கட்டியாவில் பழசாகிவிட்ட உறுப்பு செந்நிறம் அடையும். இன்வென்டரில் மின்னற்கீற்று ஒன்று உயிர்பெறும். ஃப்ரீகெட்டோ உறுப்பின் பெயருக்கருகே நீல நிறத்தில் ஒரு ‘சரி’ அடையாளத்தை இடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இடும் சரி அடையாளத்தைக் கண்டு மகிழ்ந்து வளர்ந்த நமக்கு, “இன்னும் முடியவில்லை” என்று சொல்வதற்கு அந்த அடையாளத்தைத் தெரிந்தெடுத்தவரின் மனோபாவம் விளங்குவது கடினம். அதுவும் திரையின் இடது ஓரத்தில், நீண்ட கிளைப்பட்டியலின் நடுவே இருக்கும். நானோ ஏற்றுமதிப் பெட்டியில் கோப்புக்குப் பெயர் சூட்டும் யோசனையில் இருந்தேன். எச்சரிக்கை இருக்கும் இடமும் மனிதனின் கண் இருக்கும் இடமும் வேறு வேறாக இருந்தால், அந்த எச்சரிக்கை சட்டத்துக்குத்தான் உதவும்.

அப்படியானால் ஏற்றுமதிக் கட்டளை வந்ததும் கணினி தானே மறுகணிப்பைச் செய்துவிட்டுக் கோப்பை எழுதட்டுமே என்பது பலரின் முதல் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுகணிப்பு எப்போதும் வெற்றியில் முடிவதில்லை. மழுக்கவேண்டிய விளிம்பு மறைந்துபோயிருக்கலாம். இரண்டு துளைகள் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம். ‘ஏழாம் முகம்’ என்று பெயர் பெற்றிருந்த முகம் புதிய கணிப்பில் ஒன்பதாம் முகமாகி, அதன்மேல் அமர்ந்திருந்த உறுப்பு வேறிடத்துக்குத் தாவியிருக்கலாம். இந்தப் பெயர்க் குழப்பம் ஃப்ரீகெட் பயனாளர்களை வெகுகாலம் வாட்டிய நோய்; 2024இல் வெளிவந்த அதன் 1.0 பதிப்பில்தான் பெருமளவு தணிந்தது. கண்ணுக்கு முன்னால் காட்டாமல் கணித்து, காட்டாமலே எழுதி அனுப்பிவிடும் கணினி, பழைய பிழைக்குப் பதில் புதிய பிழையை ஏற்றுமதி செய்யக்கூடும். ஆகையால் அது கேட்கவேண்டும்: “இன்னின்ன உறுப்புகள் பழையவை, கணித்துக் காட்டட்டுமா, உள்ளபடியே எழுதட்டுமா?” உள்ளபடியே எழுதுவதற்கும் நியாயமான சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் இந்தக் கேள்வி காரணமின்றி எழவும் கூடாது. பழைய பதிப்பில் செய்த மாதிரியைப் புதிய பதிப்பில் திறந்த மாத்திரத்தே எல்லா உறுப்பின்மீதும் குறி விழுந்து, ஒவ்வொரு முறையும் அதே கேள்வி எழுமானால், மூன்றாம் நாளே மனிதன் வாசிக்காமல் ‘ஆம்’ என்பான்.

ஒரே கோப்புக்குள் இருக்கும் உறவுகளின் கதை இது. பெரிய வேலைகளில் உறவுகள் கோப்புக்குக் கோப்பு, ஊருக்கு ஊர் பரந்திருக்கும். மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் மூன்றாம் கட்டமாகத் திட்டமிடப்பட்டிருப்பது பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரையான பகுதி. இப்படி மலைச்சரிவில் ஏறும் வீதியொன்றை வகுக்கும்போது, திசைக்கோடு ஒன்று, ஏற்ற இறக்கக் கோடு ஒன்று, வீதியின் குறுக்குவெட்டு ஒன்று, நிலத்தின் மேற்பரப்பு ஒன்று என நான்கையும் சேர்த்தே வீதியின் உடலைக் கணினி உருவாக்குகிறது. நிலஅளவையாளர் ஒரு சரிவைத் திரும்ப அளந்துவந்து மேற்பரப்பைத் திருத்தினால், அதன்மேல் படுத்திருக்கும் வீதி முழுவதற்கும் துடக்குத்தான். சிவில் திரீ டீ என்னும் மென்பொருள் அத்தகைய வீதியின் பெயருக்கருகே வியப்புக்குறி ஒன்றை இடும். அதைக் கவனியாமல் மண் வெட்டும் அளவுகளை எடுத்தால், வெட்டவேண்டிய மண்ணின் கணக்கு பழைய மலைக்குரியதாக இருக்கும்.

கோப்பை விட்டுக் கோப்புக்குச் செல்லும்போது தகவல் உதிர்ந்துபோவதால் நேரும் இடருக்கு உலகறிந்த உதாரணம் ஏ380 விமானம். ஹம்பர்க்கில் வரைந்தவர்கள் கட்டியாவின் நான்காம் பதிப்பிலும், துலூஸில் இருந்தவர்கள் ஐந்தாம் பதிப்பிலும் வேலைசெய்தார்கள். விமானமொன்றுக்கு ஏறத்தாழ 530 கிலோமீற்றர் மின்கம்பி. உடலைப் பொருத்தும் வேளையில் கம்பிக் கட்டுகள் எட்டவேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. 2006இல் விமானத்தின் கையளிப்பு மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. நோய் முற்றிலும் ஒன்றல்லவாயினும், குடும்பம் ஒன்றுதான்.

என்னுடைய 6 மில்லிமீற்றர்த் தகட்டை என்ன செய்வதென்று நெடுநேரம் யோசித்தோம். துளைகளை ஒவ்வொன்றாக 7க்குப் பெருப்பிக்கலாமே என்று நான் சொன்னபோது, நானா தகட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. அது இப்போது பட்டறைக்குப் பின்னால் நான்கு செங்கல் மீது அமர்ந்து மிளகு காயவைக்கும் தட்டாகச் சேவை செய்கிறது. காய்ந்து சுருங்கிய மணிகளில் சிறியவை துளை வழியே நழுவி விழுவதால், அடியில் சாக்கு விரிக்கவேண்டியிருக்கிறது.

இரண்டாம் தகட்டுக்கான கோப்பை, மறுகணிப்புச் செய்து, நீல அடையாளங்கள் யாவும் மறைந்ததைப் பார்த்து, ஏற்றுமதியான கோப்பையே மீண்டும் திறந்து ஒரு வட்டத்தை அளந்த பிறகு நானாவின் கைத்தொலைபேசிக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது. டி.எக்ஸ்.எஃப். கோப்பை எழுத்தாகத் திறக்கும் வழியை அன்று என் தோளுக்கு மேலாகப் பார்த்து மனதில் வைத்திருந்தார் போலும்.

“சேர், நாப்பதுக்குக் கீழ மூணு புள்ளி அஞ்சு போட்டிருக்கு. கடைசி வரைக்கும் பாத்துட்டேன். வெட்டச் சொல்லவா?”